வலிக்கும் முன்பே பார்! – பேஸ்பால் சிறுவர்களின் முழங்கைச் சோதனை வந்த கதை

(பழைய மாணவர், மெக்கானிக்கல் பிரிவு)



மலர்க் குழுவினர் "ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க சார்" என்று கேட்டார்கள். ராஜாக்களின் வரலாற்றை எழுத நம்மிடையே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு முழங்கையின் வரலாறு. பத்து, பன்னிரண்டு வயதுப் பேஸ்பால் பையன்களின் முழங்கை! மெக்கானிக்கல் படித்தவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று டாக்டர் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். என் பிழைப்பே வெல்டிங் இணைப்புகளுக்குள் மறைந்திருக்கும் விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் தேடுவதுதான். இந்தக் கதையிலும் அதே தேடல்தான் நடக்கிறது. இரும்புக்குப் பதில் எலும்பு, அவ்வளவே.

ஒரு கையும் ஒரு கணக்கும்

நமக்குக் கிரிக்கெட் தெரியும். பேஸ்பாலில் பந்து போடுபவரைப் பிட்ச்சர் என்பார்கள். கிரிக்கெட் பவுலர் கையை நீட்டிச் சுழற்றிப் போட வேண்டும். பிட்ச்சருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முழங்கையை மடக்கி, தோளைப் பின்னால் முறுக்கி, சாட்டை வீசுவது போல எறிவார். அந்த ஒரு நொடியின் சிறு பகுதியில் முழங்கையின் உட்பக்கம் பிய்ந்து போகும் அளவுக்கு இழுபடுகிறது. வெளிப்பக்கத்தில் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று மோதி நசுங்குகின்றன. நம் பாஷையில் சொன்னால் ஒரு பக்கம் டென்ஷன், மறுபக்கம் கம்ப்ரஷன்.

எவ்வளவு சுமை? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் ஒரு விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே க்ளென் ஃப்ளைசிக் என்பவர் 1995-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த பிட்ச்சரின் முழங்கையில் வரும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஆறரைக் கிலோ தொங்கவிட்டால் மறு நுனியில் வரும் விசை அது. உட்பக்கத் தசைநாரை மட்டும் தனியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஏறக்குறைய அதில் பாதியிலேயே அறுந்துபோனது. மீதிச் சுமையைச் சுற்றியுள்ள சதைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் கை தப்பிக்கிறது. அந்தச் சதை களைத்துப்போனால்? சேஃப்டி ஃபாக்டர் ஒன்றுக்கும் கீழே! நம் டிசைன் வாத்தியார் பார்த்தால் டிராயிங்கையே கிழித்துப் போட்டுவிடுவார்.

இதெல்லாம் பெரியவர் கணக்கு. சிறுவன் எறியும் விசை குறைவுதான். ஆனால் அவன் எலும்பு இன்னும் முடியாத வேலை. எலும்பின் முனைகளில், அது வளர்கிற இடத்தில், குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. தசைநாரைவிட அந்தத் தட்டுதான் பலவீனம். பெரியவனுக்கு நார் அறும். பையனுக்கு எலும்பின் வளரும் பகுதியே பிரிந்து வரும்.

எக்ஸ்ரே காலம்

1939-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே மூன்று டீம்களோடு சிறுவர் பேஸ்பால் போட்டி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் 'லிட்டில் லீக்'. உலகப்போர் முடிந்ததும் அது நாடெங்கும் பரவியது. சின்ன மைதானம், சின்ன சட்டை, பெரியவர்கள் மாதிரியே டோர்னமெண்ட், கூச்சல் போடும் அப்பாக்கள்! எல்லாம் வந்தது. கூடவே முழங்கை வலியும் வந்தது.

1960-ல் பிராக்டன், க்ரோ என்ற இரு எக்ஸ்ரே மருத்துவர்கள், முழங்கையின் உட்புற எலும்பு முனை பிரிந்திருந்த சிறுவர்களைப் பற்றி எழுதி, 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கதை. வராதவர்களின் கதை என்ன?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் ஜோயல் ஆடம்ஸ். 1965-ல் வெளியான அவரது ஆய்வில் 9 முதல் 14 வயது வரையிலான 162 பையன்கள். 80 பேர் பிட்ச்சர்கள், 47 பேர் மற்ற இடங்களில் ஆடுபவர்கள், 35 பேர் முறையாகப் பேஸ்பாலே ஆடாதவர்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே! பிட்ச்சர்கள் 80 பேரிலும் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. எறிவது கூடக் கூட மாற்றமும் கூடியிருந்தது. எறிவதைக் குறையுங்கள், வளைபந்து போடாதீர்கள், வலித்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவர் எழுதினார். பெற்றோர்கள் பதறிப்போனார்கள்.

வரலாறு என்றால் மறுப்பும் இருக்க வேண்டுமே! 1976-ல் ஹூஸ்டன் நகரில் 595 சிறுவர் பிட்ச்சர்களையும், ஒரேகான் மாநிலத்து யூஜீன் நகரில் 120 பேரையும் சோதித்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஆடம்ஸ் சொன்ன அளவுக்கு நிலைமை மோசமில்லை என்பது அவற்றின் முடிவு. எக்ஸ்ரேயில் தெரியும் எல்லா மாற்றமும் நோயல்ல, சில மாற்றங்கள் வேலை செய்யும் கையின் இயல்பான வளர்ச்சி என்ற வாதம் வலுப்பெற்றது. விவாதம் கொஞ்சம் ஓய்ந்தது. ஆனால் எந்த மாற்றம் இயல்பு, எது ஆபத்து என்ற கேள்வி அப்படியே நின்றது.

மைதானத்துக்குப் போன டாக்டர்கள்

கதை இப்போது ஜப்பானுக்குப் போகிறது. அங்கே பேஸ்பாலுக்கு 'யாக்யூ' என்று பெயர். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அதைவிட ஒரு படி மேல். முழங்கைக்கு 'ஹிஜி'. 'யாக்யூ ஹிஜி' என்றால் பேஸ்பால் முழங்கை. நோய்க்குச் சொந்தப் பெயர் வைக்கும் அளவுக்கு அது அங்கே சகஜம்.

அதில் உட்பக்க வலி பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். பொல்லாதது வெளிப்பக்க நோய். மேல்கை எலும்பின் முனையில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கிறது. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. திரும்பத் திரும்ப நசுங்கும்போது குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு நைந்துபோகிறது. பிறகு விரிசல் விடுகிறது. கடைசியில் ஒரு துண்டு கழன்று மூட்டுக்குள் கூழாங்கல் மாதிரி உருள ஆரம்பிக்கிறது. இதில் வேதனை என்னவென்றால், முதல் கட்டத்தில் பையனுக்கு வலியே இருக்காது! வலித்து டாக்டரிடம் வரும்போது பல நேரம் துண்டு கழன்றிருக்கும், அப்புறம் ஆபரேஷன்தான்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருந்து பிரயோஜனம் இல்லை. ஷிகோகு தீவில் உள்ள தோகுஷிமா மாநிலத்தில் டாக்டர் இவாசேயும் அவரது குழுவினரும் 1981-ல் இந்த முடிவுக்கு வந்து, சிறுவர் போட்டி நடக்கும் மைதானத்துக்கே போனார்கள். கேள்வித்தாள் கொடுத்தார்கள். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள். சந்தேகம் வந்தவர்களை எக்ஸ்ரேக்கு வரச் சொன்னார்கள். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் நோயாளி டாக்டரைத் தேடி வருவது என்ற வழக்கத்தையே தலைகீழாக மாற்றிய காரியம் அது. அதே குழு ஆண்டுதோறும் இதைத் தொடர்ந்ததால், ஒரு நோய் எப்படித் தொடங்குகிறது என்ற கதை முதன்முறையாக முழுதாகக் கிடைத்தது.

அந்தக் குழுவினர் 2008-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வெளிப்பக்க நோய் கண்ட 176 பேரில் 101 பேர் டாக்டர் சொன்னபடி குறைந்தது ஆறு மாதம் கைக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவர்களில் முதல் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 84 பேர். 76 பேருக்கு, அதாவது 90.5 சதவீதத்தினருக்கு, ஆபரேஷன் இல்லாமலே எலும்பு ஆறிவிட்டது. இரண்டாம் கட்டத்தில் இருந்த 17 பேரில் ஆறியது 9 பேருக்குத்தான். சொன்னதைக் கேட்காத மீதி 75 பேரில் ஆறியவர்கள் வெறும் 17 பேர். முதல் கட்டக்காரர்களுக்கும் ஆற சராசரியாகப் பதினைந்து மாதம் பிடித்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பதினைந்து மாதம் என்பது ஒரு யுகம்!

773 பந்துகள்

ஜப்பானில் பள்ளி பேஸ்பாலின் கோயில் 'கோஷியன்' மைதானம். தேசியப் பள்ளிப் போட்டி 1915-ல் தொடங்கியது. கோஷியன் 1924-ல் கட்டப்பட்டது. ஆகஸ்ட் வெயிலில் நாடே டி.வி. முன் உட்கார்ந்து பார்க்கும். ஒரே பிட்ச்சர் எல்லா ஆட்டத்தையும் தனி ஆளாக எறிந்து முடிப்பதை வீரம் என்று கொண்டாடும்.

1991 கோடையில் ஒகினாவா சுய்சான் பள்ளியின் பிட்ச்சர் ஓனோ ரின், வலிக்கும் முழங்கையோடு ஆறு ஆட்டங்களையும் தானே எறிந்தார். மொத்தம் 773 பந்துகள். இறுதி ஆட்டத்தில் அவரது டீம் தோற்றது. நிறைவு விழா அணிவகுப்பில் அவரது வலது கை நீட்ட முடியாமல் மடங்கியே இருந்ததை நாடு பார்த்தது. சோதித்தபோது முழங்கை எலும்பு முறிந்திருந்தது. பிட்ச்சராக அவர் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. பின்னாளில் அவர் தொழில்முறை டீமில் ஆடியது பந்து எறிபவராக அல்ல. வெளிக்களத்தில் நிற்கும் ஃபீல்டராக. அதற்கும் பிறகு ஒகினாவாவில் சிறுவர்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கும் பணியில் இறங்கினார்.

ஆயிரம் எக்ஸ்ரே சொல்லாததை அந்த ஒரு மடங்கிய கை சொல்லிவிட்டது. பள்ளி பேஸ்பால் சங்கம் 1993-ல் கோஷியனுக்கு வரும் பிட்ச்சர்களின் தோளையும் முழங்கையையும் சோதிக்கத் தொடங்கியது. தனி ஆளே எல்லாம் எறியக்கூடாது என்று 1994-ல் டீமுக்கு 15 பேர் என்பதை 16 ஆக்கினார்கள். 1995-ல் ஜப்பானிய விளையாட்டு மருத்துவச் சங்கம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஆரம்பப் பள்ளிப் பையன் முழு வேகத்தில் எறிவது நாளைக்கு 50, வாரத்துக்கு 200. நடுநிலைப் பள்ளியில் 70, 350. உயர்நிலையில் 100, 500. இதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். முழங்கைக் கோளாறு அதிகம் வருவது 11, 12 வயதில் என்றும் அது எச்சரித்தது.

பாய்லர் கம்பெனியில் பிறந்த கருவி

மைதானத்துக்கு எக்ஸ்ரே மிஷினைத் தூக்கிப்போக முடியுமா? கதிர்வீச்சு வேறு. இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. இரும்புக்குள் ஒலியலையைச் செலுத்தி, எதிரொலியை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவிகள் 1940-களில் வந்தன. 1955-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு, பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனிக்குப் போனார். வெல்டிங் சோதிக்கும் கருவியால் அவற்றைச் சோதித்தார். இன்று கர்ப்பிணிப் பெண்களுக்கு எடுக்கும் ஸ்கேனின் பாட்டனார் அந்த பாய்லர் கம்பெனிக் கருவிதான்! மெக்கானிக்கல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

2000-க்குப் பிறகு ஸ்கேன் கருவி கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. ஜப்பானிய டாக்டர்கள் அதை மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். கியோட்டோ பகுதியில் 2,433 இளம் வீரர்களை இப்படிச் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 82 பேருக்கு வெளிப்பக்க நோய் தெரிந்தது. நூற்றுக்கு மூன்றரைப் பேருக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது பேர் உள்ள ஒரு டீமில் ஒருவன் என்று வையுங்கள்.

கம்பெனி வேலையாகச் சில மாதம் ஜப்பானில் ஒரு சிற்றூரில் இருந்தபோது இதை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கூட வேலை பார்த்த ஒருவர், தன் மகனின் டீமுக்குச் சோதனை நடக்கிறது, வருகிறாயா என்று கூப்பிட்டார். மைதான ஓரத்தில் ஒரு ஷாமியானா, மடக்கு மேஜைகள், தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் சொல்லும் பையன்கள். ஒவ்வொருவனாக உட்கார்ந்து முழங்கையை மடக்குகிறான். டாக்டர் ஜெல் தடவிப் ப்ரோபை வைக்கிறார். நாம் கப்ளண்ட் தடவுவது போலவேதான்! திரையில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடாக, வழவழப்பான வளைவாகத் தெரிகிறது. ஒருத்தனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு பையனுக்கு மட்டும் ப்ரோப் நின்றது. வெள்ளைக் கோடு ஒரு இடத்தில் நெளிந்து, இரட்டைக் கோடாக இருந்தது. டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்ய வேண்டும், அதுவரை பந்து எறியாதே என்றார்கள். "எனக்கு வலிக்கவே இல்லையே!" என்றான் பையன். நண்பர்தான் எனக்கு மொழிபெயர்த்தார். அடுத்த வாரம் அவனுக்கு மேட்ச் இருந்ததாம். அவன் அம்மா பேசாமல் அவன் தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். அவன் அழவில்லை, ஆனால் கோச் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்கு ஃபேக்டரி நினைவு வந்தது. ஜாயிண்ட் ரிஜெக்ட் என்று சீட்டு எழுதும்போதெல்லாம் காண்ட்ராக்டர் கேட்பார்: "கண்ணுக்கு நல்லாத்தானே சார் இருக்கு?" கண்ணுக்கு நன்றாக இருப்பதைச் சோதிக்கத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்! வெல்டிங்கை அறுத்துவிட்டு மறுபடி போடலாம். பையனின் முழங்கையை?

எண்ணிக்கை சட்டமானது

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். அங்கே எண்ணத் தொடங்கினார்கள். பர்மிங்ஹாம் குழுவினர் 9 முதல் 14 வயதான 481 பிட்ச்சர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. அதே குழுவின் 2006 ஆய்வு, களைத்த கையோடு வழக்கமாக எறிந்தவர்களுக்கு ஆபரேஷன் வரை போகும் ஆபத்து 36 மடங்கு என்றது. முதலில் குற்றவாளியாகக் கருதப்பட்ட வளைபந்தைவிட, அளவுக்கு மிஞ்சிய எறிதலும் களைப்பும்தான் பெரிய வில்லன்கள் என்று தெரிந்தது. முன்பே சொன்னேனே, சதை களைத்தால் சேஃப்டி ஃபாக்டர் போச்சு!

2007-ல் லிட்டில் லீக், இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டுப் பந்துக் கணக்குக்கு மாறியது. 11, 12 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. அதற்குப் பிறகு கட்டாய ஓய்வு நாட்கள். ஜப்பானின் பள்ளிப் போட்டியில் கட்டுப்பாடு வர இன்னும் தாமதமானது. 2018 கோடையில் கனாஅஷி விவசாயப் பள்ளியின் யோஷிதா கோசெய் 881 பந்துகள் எறிந்தபோது பழைய விவாதம் மறுபடி கிளம்பியது. 2020-ல்தான் வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு விதியானது. 1995-ல் டாக்டர்கள் எழுதிய அதே எண்! காகிதத்திலிருந்து மைதானத்துக்கு வர 25 ஆண்டுகள்.

சோதனை எல்லாம் தீர்க்குமா?

தீர்க்காது. ஸ்கேனில் தெரிவது பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. யூ.டி. ஆபரேட்டர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். நிழலைப் பார்த்துப் பயந்து, ஆட வேண்டிய பையனை உட்கார வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. 1976 ஆய்வுகள் சொன்ன எச்சரிக்கை இன்றும் செல்லுபடியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை நோயைக் கண்டுபிடிக்கத்தான் முடியும். நோய் வராமல் தடுப்பது எறியும் அளவைக் குறைப்பதுதான். இன்ஸ்பெக்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மோசமான டிசைனைக் காப்பாற்றாது என்று நாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோமே, அதேதான்.

ஆனாலும் ஆடம்ஸிலிருந்து இவாசே வரை இவர்கள் எல்லோரும் நிலைநாட்டிய ஒன்று மாறாதது. வலி என்பது நம்பகமான காவல்காரன் அல்ல. அவன் தாமதமாகத்தான் விசிலடிப்பான். அதுவும் பையன்கள் விஷயத்தில், விசில் சத்தம் கேட்டாலும் டீமில் இடம் போய்விடுமே என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆகவே கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும் பெரியவர்களின் பொறுப்பு.

நமக்கு

நம் கல்லூரி மைதானத்தில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை. ஆனால் வேகப்பந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கபடிக்காரர்கள் இருக்கிறார்கள், ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பில் வரும் விரிசலுக்காக இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வயதுக்கு ஏற்ற ஓவர் வரம்பு வைத்திருக்கிறார்கள். காரணம் அதேதான்: வளரும் எலும்பு, திரும்பத் திரும்ப வரும் சுமை.

மருத்துவத் துறைக்குப் போன பழைய மாணவர்களின் பிள்ளைகள், உறவினர்கள் நம் சங்கத்தோடு தொடர்பில் இருக்கிறார்கள். பிசியோதெரபி படித்தவர்களும் உண்டு. விளையாட்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மேஜை, ஒரு கேள்வித்தாள், இரண்டு டாக்டர்கள். இதை நம் சங்கம் ஏற்பாடு செய்ய முடியாதா? ஸ்கேன்கூட வேண்டாம், 1981-ல் தோகுஷிமாவில் செய்தது போல மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தாலே போதும். பொதுக்குழுவில் இதை யாராவது முன்மொழிந்தால் நான் வழிமொழிகிறேன். மேஜை நாற்காலி தூக்கவும் தயார்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! வலித்தால் சொல்லுங்கள். வலிக்காவிட்டாலும், கேட்கிறவர் கேட்டால் கையை நீட்டுங்கள். கோப்பை அடுத்த வருஷமும் வரும்.